முதுகு வலியா? எழுந்து நடங்கள்!

1961-ம் ஆண்டு, மே மாதம்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கனடா நாட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். தலைநகர் ஒட்டாவாவில் மரம் நடும் விழா. கென்னடி மண்வாரியைக் கையில் எடுத்தார். குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார்.

அவ்வளவுதான். முதுகு பிடித்துக் கொண்டது!

உலகையே அசைக்கும் பதவி அவருடையது. ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதே அவருக்குப் பெரும்பாடாகி விட்டது.

முதுகு வலி அவருக்குப் புதிது அல்ல. 1944-ல் ஓர் ஆபரேஷன். 1954-ல் இன்னொன்று. 1955-ல் மறுபடியும். 1957-ல் மீண்டும். ஆக மொத்தம் 4 ஆபரேஷன்கள்! 1954-ல் ஆபரேஷன் முடிந்ததும் கிருமி தாக்கியது. நினைவு தவறியது. சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார்.

ஊசி போட்டுப் பார்த்தார்கள். இடுப்புக்குப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். வெந்நீரில் உட்கார வைத்தார்கள். வலி விடுவதாக இல்லை.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் ஹான்ஸ் கிரவுஸ் என்ற டாக்டரை அழைத்தார்கள். அவர் ஆஸ்திரியாவில் இருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். மலை ஏறுவதில் கெட்டிக்காரர். அவர் கத்தியைத் தொடவில்லை. கென்னடியின் தசைகள் பலம் இழந்து, இறுகிக் கிடப்பதைப் பார்த்தார். வாரத்துக்கு 3 நாள் தேகப்பயிற்சி செய்ய வைத்தார்.

சில மாதங்களில் கென்னடி நன்றாகத் தேறினார். வலி அடியோடு ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. 1963-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலும் இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். என்றாலும், அத்தனை ஆபரேஷன்களும் தராத சுகத்தைத் தேகப்பயிற்சி தந்தது.

இந்தக் கதையை ஏன் சொல்ல வேண்டும்?

இன்று நம் ஊரில் வீட்டுக்கு ஒரு கென்னடி இருக்கிறார்!

அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. அம்மாவுக்கு முதுகு வலி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனுக்கும் வலி. உலகம் முழுவதும் 2020-ம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050-ல் இது 84 கோடியைத் தாண்டும் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள்.

வலி என்று சொன்னவரிடம் நாம் என்ன சொல்கிறோம்?

"அசையாமல் படு."

"குனியாதே. நிமிராதே. எதையும் தூக்காதே."

அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் இந்த அன்பே பல பேரை நோயாளி ஆக்கி விடுகிறது என்பது என் கருத்து. முதுகு தன்னைத்தானே சரிசெய்து கொள்ளும் சக்தி உடையது. அதற்கு வேண்டியது நடமாட்டமும் தைரியமும். அந்த நடமாட்டத்துக்கு நேரம் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களும், வேலை கொடுக்கும் முதலாளிகளும்.

கண்ணாடி அல்ல, முதுகு!

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் இருந்து இடுப்பு வரை தனித்தனியாக அசையும் 24 எலும்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போனவை.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு பொருள் இருக்கிறது. டாக்டர்கள் அதை 'டிஸ்க்' என்பார்கள். நாம் ஜவ்வு என்கிறோம். மொத்தம் 23 ஜவ்வுகள்.

காலையில் எழுந்ததும் உங்கள் உயரத்தை அளந்து பாருங்கள். இரவில் மறுபடியும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்து இருக்கும்! பகல் முழுவதும் உடம்பின் பாரத்தால் ஜவ்வில் உள்ள நீர் கொஞ்சம் வெளியேறுகிறது. இரவில் படுத்ததும் திரும்பவும் ஊறி விடுகிறது. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு அங்கே பாரமே இல்லை. அதனால் சிலர் 2 அங்குலம் வரை வளர்ந்து விடுகிறார்கள். பூமிக்குத் திரும்பியதும் பழைய உயரத்துக்கு வந்து விடுகிறார்கள்.

பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது. பக்கத்து எலும்பில் இருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. உடம்பு அசைய அசைய இந்தப் போக்குவரத்து நன்றாக நடக்கும். அசையாமல் கிடந்தால், முதுகைத் தாங்கும் தசைகளும் மெலிந்து போகும்.

ஆகவே, முதுகு என்பது கைதவறினால் உடையும் கண்ணாடி அல்ல. புழங்கப் புழங்க உறுதியாகும் உறுப்பு.

படுக்கை மருந்து ஆகுமா?

முன்பெல்லாம் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். அது சரிதானா என்று பின்லாந்து நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள்.

தலைநகர் ஹெல்சிங்கியில் நகரசபை ஊழியர்கள் 186 பேரைத் தேர்ந்து எடுத்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று வந்த இடுப்பு வலி. அவர்களை 3 பிரிவாகப் பிரித்தார்கள்.

முதல் பிரிவுக்கு 2 நாள் படுக்கை. இரண்டாவது பிரிவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது பிரிவிடம், "தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்து கொண்டிருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

எந்தப் பிரிவு சீக்கிரம் குணம் அடைந்தது? மூன்றாவது பிரிவுதான்! படுத்தவர்கள்தான் கடைசி.

இது வெளியானது 1995-ல். 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் நம் வீடுகளில் பாயை விரித்துப் போட்டு, "ஒரு மாசம் எழுந்திருக்காதே" என்கிறோம்!

வலி வந்த முதல் ஓரிரு நாள் கடுமையாக இருக்கலாம். அப்போது கொஞ்சம் படுப்பதில் தவறு இல்லை. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுக்கலாம். ஆனால் கழிவறைக்கு நடக்கிற நடையைக் கொல்லைப்புறம் வரை நீட்டுங்கள். மறுநாள் தெருமுனை வரை போங்கள். அதுதான் மருந்து.

"ஜவ்வு விலகி விட்டது!"

முதுகு வலிக்காரரை நடுங்க வைப்பது வலி மட்டும் அல்ல. ஸ்கேன் காகிதமும்தான்.

"ஜவ்வு தேய்ந்து விட்டது" என்று எழுதி இருக்கும். "ஜவ்வு பிதுங்கி இருக்கிறது" என்று எழுதி இருக்கும். படித்த மாத்திரத்தில் பாதி உயிர் போய் விடுகிறது.

ஓர் உண்மையைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

முதுகு வலியே இல்லாத 3,110 பேருடைய ஸ்கேன் விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 37 பேருக்கு ஜவ்வு தேய்ந்து இருந்தது! 80 வயதில் 100-க்கு 96 பேருக்குத் தேய்ந்து இருந்தது. ஜவ்வு பிதுங்கி இருந்தவர்களும் ஏராளம். இவர்களில் யாருக்கும் வலி இல்லை.

தலைமுடி நரைக்கிறது. முகம் சுருங்குகிறது. அதைப்போல ஜவ்வும் தேய்கிறது. நரைத்த முடி வலிக்கிறதா?

சரி, ஜவ்வு உண்மையாகவே வெளியே தள்ளிக்கொண்டு நரம்பை அழுத்தினால்? காலில் மின்சாரம் பாய்வதுபோல வலி இழுத்தால்?

அதற்கும் உடம்பு வழி வைத்திருக்கிறது. வெளியே வந்த ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுகிறது. ஆபரேஷன் இல்லாமல் பார்த்து வந்தவர்களில் 3-ல் 2 பங்குப் பேருக்கு இப்படிச் சுருங்கியதாக 2017-ல் ஆராய்ந்து சொல்லி இருக்கிறார்கள். பெரிதாகப் பிதுங்கியது சீக்கிரம் கரைவதும் உண்டு!

இதற்கு வாரங்கள் ஆகலாம். மாதங்களும் ஆகலாம். பொறுமை வேண்டும். பொறுமையாக இருக்கத் துணை வேண்டும்.

திருடன் போன பிறகும்...

"எல்லாம் சரி. எனக்கு 5 வருஷமாக வலிக்கிறதே! அது பொய்யா?"

இல்லை. வலி ஒருபோதும் பொய் இல்லை.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்பார்கள். அதை இப்படிப் புரிந்து கொள்ளலாம். வீட்டில் திருடன் நுழைந்தான். நாய் குரைத்தது. நல்லதுதான். திருடன் ஓடிவிட்டான். ஆனால் நாய் அன்று முதல் பால்காரரைப் பார்த்தும் குரைக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தும் குரைக்கிறது. பயந்து போன நாய் அது.

நாள்பட்ட வலியில் நரம்பும் மூளையும் அந்த நாயைப்போல ஆகி விடுகின்றன. காயம் ஆறியிருக்கும். ஆனால் லேசாகக் குனிந்தாலும் "ஆபத்து!" என்று அலறும்.

அந்த நாயை அடித்தால் அடங்குமா? கட்டிப் போட்டால் அடங்குமா? பழக்கித்தான் ஆக வேண்டும். தினமும் கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் நடந்து, "ஒன்றும் ஆகவில்லை, பார்" என்று உடம்புக்குக் காட்ட வேண்டும்.

தூக்கம் கெட்டாலும், கவலை மிஞ்சினாலும் வலி கூடுகிறது. கடன் தொல்லையில் இருப்பவருக்கு வலி அதிகமாகத் தெரிவது நடிப்பு அல்ல. உடம்பும் மனசும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன.

எது உதவும்? எது உதவாது?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டும் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நோயைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, தேகப்பயிற்சி, மனசுக்குத் தரும் சிகிச்சை ஆகியவை உதவும் என்று அதில் இருக்கிறது. மசாஜ் செய்வதும் சிலருக்கு உதவலாம்.

எதையெல்லாம் வேண்டாம் என்கிறது தெரியுமா? வழக்கமாக இடுப்பில் பெல்ட் கட்டுவது வேண்டாம். எடை தொங்கவிட்டு முதுகை இழுக்கும் சிகிச்சை வேண்டாம். அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள் வேண்டாம்.

நடையைப் பற்றி ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2024-ல் வெளிவந்தது. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு நடைப்பயிற்சி. கூடவே பிசியோதெரபி நிபுணரின் யோசனை. மறு பாதிப் பேர் அவரவர் வழக்கப்படி.

நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளில் வலி திரும்பி விட்டது. நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாள் ஆனது. ஏறத்தாழ இரண்டு மடங்கு!

எப்படி நடந்தார்கள்? மெதுவாகத் தொடங்கி, 6 மாதத்துக்குள் நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்ற அளவை எட்ட முயன்றார்கள். இதற்கு என்ன செலவு? ஒரு நல்ல செருப்பு போதும்.

நம் நாட்டு யோகாசனமும் சோதிக்கப்பட்டு இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், பெரும்பாலும் ஏழைகளான 320 பேருக்கு நாள்பட்ட இடுப்பு வலி. ஆசனம் செய்தவர்களும் பிசியோதெரபி செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் பெற்றதாக 2017-ல் அறிவித்தார்கள். ஆசனத்தைத் தெரிந்தவரிடம் கற்றுச் செய்ய வேண்டும். முதல் நாளே தலைகீழாக நிற்கக் கூடாது!

"கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகு நிமிரும்" என்பார்கள். ஸ்பெயினில் 313 பேரிடம் மெத்தைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகவும் கெட்டியான மெத்தையைவிட, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. இது 2003-ல் தெரிந்த செய்தி. ஆகவே, தரை குத்தினால் தரையோடு சண்டை போடாதீர்கள். ஒரு ஜமக்காளத்தை மடித்து விரித்துக் கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு முதுகு வலி வரும் ஆபத்து அதிகம். உடம்பு பெருத்தாலும் அப்படியே.

பொடி விற்பவர்கள் ஜாக்கிரதை!

"உடம்பே குணமாக்கும்" என்று எழுதியதும், சிலர் கடை விரித்து விடுவார்கள். "7 நாளில் ஜவ்வு வளரும்", "ஒரே வாரத்தில் எலும்பு தேய்மானம் தீரும்" என்று விளம்பரம் செய்வார்கள்.

நம்பாதீர்கள். ஊர் பேர் தெரியாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு இருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்து போகும். பிறகு முகம் வீங்கும். சர்க்கரை ஏறும். எலும்பே பலவீனம் அடையும். முதுகுக்கு வாங்கிய மருந்து முதுகையே முறிக்கும்!

இயற்கை என்பது பொட்டலத்தில் விற்கிற சரக்கு அல்ல.

உடனே டாக்டரிடம் போங்கள்!

இதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக் கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

தொடையின் உள்பக்கமும் உட்காரும் இடமும் மரத்துப் போனால், கால் பலம் இழந்து பாதம் தொய்ந்தால், அப்போதும் தாமதம் கூடாது.

காய்ச்சல், உடம்பு இளைத்தல், இரவிலும் ஓயாத வலி இவை சேர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்கள். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவது அல்ல; முதுகெலும்பிலும் வரும். நம் நாட்டில் அதை மறக்கக் கூடாது. மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் அது.

முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், லேசாக வழுக்கி விழுந்த வயதான தாய்மார்கள் ஆகியோர் தாங்களே வைத்தியம் பார்க்கக் கூடாது.

இளம் வயதினருக்குக் காலையில் எழுந்ததும் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடந்தால் குறைந்து, படுத்தால் கூடினால், அது ஒரு வகை வாதமாக இருக்கலாம். அதற்கும் இன்று நல்ல மருந்து உண்டு.

இத்தனை ஆபத்துகளா என்று பயப்பட வேண்டாம். இடுப்பு வலிக்காரர்கள் 100 பேரில் ஏறக்குறைய 90 பேருக்கு இப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை.

"நான் ஓடியாடித்தானே வேலை செய்கிறேன்?"

இதை வாசிக்கும் தாய்மார்கள் கோபித்துக் கொள்வார்கள்.

"விடியற்காலை 5 மணிக்கு எழுந்து இரவு 11 மணி வரை நிற்கிறேன். குடம் சுமக்கிறேன். துணி துவைக்கிறேன். இதைவிடத் தேகப்பயிற்சி வேண்டுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

பயிற்சியில் வேகம் உங்கள் கையில். பாரம் உங்கள் கையில். வலித்தால் நிறுத்தலாம். வீட்டு வேலையில் அது முடியுமா? அடுப்பில் பால் பொங்கும்போது முதுகை நீட்டி நிமிர்த்த முடியுமா? குனிந்த முதுகு குனிந்தபடியே இருக்கிறது. ஒரே தசை மறுபடி மறுபடி பாடுபடுகிறது. மற்றவை தூங்குகின்றன.

பிரசவமான பெண்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: "ஆபரேஷனின்போது முதுகில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்துதான் வலி."

ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. பின் எது காரணம்? பத்து மாதம் சுமந்ததில் வயிற்றுத் தசை தளர்ந்து போகிறது. தூக்கம் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக் கூன் போட்டபடி பால் கொடுக்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு வாளி.

ஊசியின் மேல் பழி போடுவது எளிது. வாளியை வாங்கிக் கொள்வதுதான் கடினம்!

மருமகள் "இடுப்பு வலிக்கிறது அத்தை" என்றால், "நாங்கள் பெறாத பிள்ளையா?" என்று கேட்காதீர்கள். மனைவி முதுகைப் பிடித்துக் கொண்டால், தைலம் வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். "நீ அரை மணி நேரம் நடந்து விட்டு வா. இட்லியை நான் ஊற்றி வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். உலகத்தில் எந்தத் தைலத்துக்கும் இந்தச் சக்தி கிடையாது.

கடைப் பெண்ணும் மூட்டைத் தொழிலாளியும்

வீட்டுக்குச் சொன்னது வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தும்.

ஜவுளிக்கடையில் புடவையை விரித்துப் போடும் பெண்களைப் பாருங்கள். காலை முதல் இரவு வரை நின்றபடியே இருப்பார்கள். இவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம். ஆனால் நாற்காலி இருந்தால் போதாது. அதில் உட்கார்ந்தால் முறைக்காத முதலாளியும் வேண்டும்!

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, கடைப் பெண்ணுக்கு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், "ஏன் இல்லை?" என்று கேளுங்கள். வாடிக்கைக்காரர் கேட்டால் முதலாளியின் காதில் விழும்.

ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. அதைத் தலையில் ஏற்றிப் படி ஏறுகிறவரிடம், "தினமும் நடந்தால் முதுகு வலி போகும்" என்று சொன்னால் சிரிப்பார். அவருக்கு வேண்டியது தள்ளுவண்டி. தூக்கிவிட இன்னொரு ஆள். நடுவே கொஞ்சம் ஓய்வு. பாரத்தைக் குறைக்காமல் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசுவது, பசித்தவனுக்குப் பல் துலக்கச் சொல்வதுபோல!

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டமும் தொடங்கப்பட்டது. இவை வரவேற்க வேண்டிய காரியங்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆள் ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தெருவிளக்கு எரிந்து, நாய்த் தொல்லை இல்லாமல், பெண்கள் பயம் இல்லாமல் நடக்கக்கூடிய பாதை ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும்.

டெலிவிஷன் செய்த வைத்தியம்

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. அதுதான் பிரசாரம்.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா என்று ஒரு மாநிலம். முதுகு வலிக்காக வேலைக்கு வராமல் நஷ்டஈடு கேட்கிறவர்கள் அங்கே பெருகிப் போனார்கள். 1997-ல் அரசாங்கத்தின் தொழிலாளர் நஷ்டஈட்டு அமைப்பு ஒரு காரியம் செய்தது. டெலிவிஷனில் விளம்பரம் கொடுத்தது!

விளையாட்டு வீரர்கள், நடிகர்கள், டாக்டர்கள் ஆகியோர் திரையில் தோன்றினார்கள். "முதுகு வலியைக் கண்டு பயப்படாதீர்கள். படுத்துக் கிடக்காதீர்கள். உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

என்ன நடந்தது? ஜனங்களின் எண்ணம் மாறியது. டாக்டர்களின் எண்ணமும் மாறியது. நஷ்டஈடு கேட்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. மருத்துவச் செலவும் குறைந்தது. விளம்பரம் செய்யாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் எண்ணம் மாறவில்லை!

புது மருந்து இல்லை. புது இயந்திரம் இல்லை. நல்ல வார்த்தையே மருந்தாக வேலை செய்தது.

நம்மால் முடியாதா? சொட்டு மருந்துப் பிரசாரம் வீட்டுக்கு வீடு போன நாடு இது. 1995-ல் தொடங்கினோம். 2014-ல் இந்தியாவில் போலியோ இல்லை என்ற சான்றிதழே வாங்கினோம். முதுகு வலிக்கும் அதைப்போல ஓர் இயக்கம் வேண்டும். டெலிவிஷனில், சினிமாக் கொட்டகையில், ரேஷன் கடைச் சுவரில், பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் சொல்கிற வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும், முதுகு வலிக்கிறது என்று சொல்கிறவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முதல் நாள் 10 நிமிடம் போதும். அவர் நடையின் வேகத்துக்கு நீங்கள் நடங்கள். அவர் நின்றால் நில்லுங்கள். நாளைக்கும் கூப்பிடுங்கள்.

"படுத்துக்கோ" என்று சொல்வது ஒரு வினாடி வேலை. "வா, நானும் வருகிறேன்" என்று சொல்வதற்குத்தான் நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொடுங்கள்!